படுக்க வைத்த கத்தி: சித்தூர், திருப்பதி அடுக்களைகளில் அரிவாள்மணை இருந்த இடம்

சென்ற ஆண்டு எங்கள் பேத்தி தவழத் தொடங்கினாள். அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றும் பொறுப்பு தாத்தாவாகிய எனக்கு வந்து சேர்ந்தது. சோப்புத்தூள், தீப்பெட்டி, கண்ணாடிப் பாட்டில் என்று ஒவ்வொன்றாக ஏற்றி முடித்து, கடைசியில் கத்திகளிடம் வந்தேன். கடையில் மூன்று வழி காட்டினார்கள். துளைகள் போட்ட மரக்கட்டை ஒன்று. சுவரில் பதிக்கும் காந்தப்பட்டை ஒன்று. இழுப்பறைக்குள் வைக்கும் பள்ளம் வெட்டிய தட்டு ஒன்று. எதை வாங்குவது என்று ஒரு வாரம் யோசித்தேன். "இது ஒரு வாரம் யோசிக்கிற விஷயமா?" என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் இந்த மூன்றுக்கும் அடங்காத ஒரு கத்தி இருக்கிறது. மரக்கட்டைத் துளையில் நுழையாது, காந்தத்தில் தொங்காது, இழுப்பறையை மூடவிடாது. என் அம்மா தரையில் உட்கார முடியாமல் போனபின், சித்தூரிலிருந்து விமானப் பெட்டிக்குள் பழைய வேட்டி சுற்றி நான் கொண்டுவந்த அரிவாள்மணை அது.

அம்மாவுக்கு இப்போது வயது 86. தொலைபேசியில் பேசி முடிக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி வரும்: "அருவாமணெயப் படுக்க வெச்சியாடா?" இந்தக் கேள்விக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதற்கும் பின்னால் தென்னிந்திய அடுக்களையின் வரலாறு ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் உறவும்

அரி என்றால் அறு, நறுக்கு. வாள் நாம் அறிந்ததே. மணை என்பது உட்காரும் தாழ்ந்த பலகை. மணமக்களை மணையில் உட்கார வைக்கிறோமே, அதே மணை. மூன்றும் சேர்ந்து அரிவாள்மணை. இலக்கணப்படி புணர்த்தினால் அரிவாண்மணை என்று வரும். பேச்சில் அருவாமணை, எங்கள் பக்கம் அருவாமணெ. ஆக, இந்தக் கருவியின் பெயரிலேயே உட்காரும் இடம் சேர்ந்திருக்கிறது. பலகையின் மேல் ஒரு காலை மடக்கி அழுத்தி உட்கார வேண்டும். கத்தி அசையாது, காய்தான் கத்தியை நோக்கிப் போகும். இரண்டு கையும் காயைப் பிடிக்கக் கிடைக்கும். பூசணியானாலும் பொடிப்பொடியாக நறுக்கும் பீன்ஸானாலும் ஒரே கத்தி போதும். முனையில் பல் வைத்திருந்தால் தேங்காய்த் துருவியும் அதுவே.

தெலுங்கில் இதற்குக் கத்திபீட்ட என்று பெயர். பீட்ட என்பதும் தாழ்ந்த பலகைதான். கன்னடத்தில் ஈளிகெ மணெ, மராத்தியில் விளி, வங்காளத்தில் பொண்ட்டி, நேபாளத்தில் சுலேசி. வங்காளத்துப் பொண்ட்டியைப் பற்றி சித்ரிதா பானர்ஜி 2001-ல் காஸ்ட்ரானமிகா என்ற ஆங்கில இதழில் ஓர் அருமையான கட்டுரை எழுதினார். நம் அரிவாள்மணைக்கும் அப்படி ஒருவர் எழுதியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. (தேங்காய்த் துருவியோடு சேர்ந்த மணை இன்னும் தூரம் போகிறது. தாய்லாந்தில் அதற்கு முயல் என்று பெயர், பலகையை முயல் வடிவில் செதுக்குவதும் உண்டு. அது வேறு கதை.)

வடக்கே நேபாளம்வரை பரவிய இந்தக் கருவிகளுக்குப் பொதுவான ஒன்று உண்டு. தரையில் உட்கார்ந்து சமைத்த மக்களின் கத்தி இது. ஆகவே அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பதில் தரையில்தான் இருந்தது.

இரண்டு மொழி, ஒரே கட்டளை

சித்தூரைப் பற்றி மலரின் இளைய வாசகர்களுக்கு இரண்டு வரி. 1911 ஏப்ரல் 1 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அன்று அதைத் தலைமையிடமாகக் கொண்டு, வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து, தனி மாவட்டம் அமைந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுதும் அங்கே போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி வட்டம் தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது.

எல்லைக் கோடுகள் இப்படி மாறிக்கொண்டிருந்தபோது அடுக்களைகளில் இரண்டு மொழியும் கலந்தே புழங்கின. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் தெலுங்கர். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது. காய் நறுக்கியபடியே இருவரும் பேசுவார்கள், அவர் தெலுங்கில், அம்மா தமிழில். யாராவது ஒருவர் எழுந்தால் மற்றவர் சொல்வது ஒன்றே. அம்மா சொன்னால், "படுக்க வெச்சுட்டுப் போ." அவர் சொன்னால், "படுகோபெட்டு அக்கா." குழந்தையைத் தூங்கப் போடுவதற்கும் அரிவாள்மணையைச் சாய்த்து வைப்பதற்கும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்.

படுக்க வைப்பது என்றால் என்ன? பழைய அரிவாள்மணையில் கத்தி மரத்தில் அசையாமல் இறக்கப்பட்டிருக்கும். மடங்காது. வேலை முடிந்ததும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பக்கவாட்டில் சாய்த்து, வாய் சுவரைப் பார்க்கும்படி மூலையில் வைப்பார்கள். மரப்பலகையே கத்திக்கு முன்னால் வேலியாகி நிற்கும். பாட்டி காலத்து வீட்டில் அடுப்புக்கு இடப்பக்க மூலை அதற்கென்றே இருந்தது. அங்கே சுவரில் கத்தியின் கறை வளைவாகப் படிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிராமத்தில் வயல் அரிவாளைக் கூரை இறவாரத்தில் செருகுவார்கள். அது ஆண்களின் இரும்பு, இடம் உயரத்தில். அரிவாள்மணை பெண்களின் இரும்பு, இடம் தரையில்.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டில் அது நின்றபடி இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின இரவே காயெல்லாம் நறுக்கிவிட்டு, தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அப்பாவின் கணக்குப் பேனாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அன்று யாரும் அதைத் தொடக் கூடாது. பிள்ளைகளை அந்த அறைப்பக்கமே விடமாட்டார்கள்.

துருவும் மாங்காயும்

வைக்கும் இடத்தைத் தீர்மானித்ததில் பிள்ளைகளுக்கு அடுத்தபடி துருவுக்குப் பங்கு உண்டு. பழைய கத்தி வெறும் இரும்பு. ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலை செம்புள்ளி. புளிப்பு பட்டால் கறுக்கும்; வாழைப்பூ நறுக்கினால் கறை பிடிக்கும். அதனால் தண்ணீர் தெளிக்கும் முற்றத்துப் பக்கம் வைக்கமாட்டார்கள். அடுப்பின் சூடு படும் உலர்ந்த மூலைதான் அதற்கு. மழைக்காலத்தில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவுவார்கள். சாணை பிடிப்பவர் சைக்கிளில் சக்கரம் கட்டிக்கொண்டு தெருவில் வரும்போது பாதி வீதி அரிவாள்மணையோடு வெளியே வந்து நிற்கும்.

சித்தூர் மாவட்டத்துக்கு இன்னொரு கத்தியும் உண்டு. மாம்பழத்துக்குப் பேர்போன சீமை எங்களுடையது. தோத்தாபுரி என்ற கிளிமூக்கு மாங்காய் அங்கே குவியும். அதைக் கூழாக்கும் ஆலைகள் பல. ஆவக்காய் போடும்போது மாங்காயைக் கொட்டையின் ஓட்டோடு துண்டிக்க வேண்டும். அரிவாள்மணை அதற்குத் தாங்காது. கனத்த மரக்கட்டையில் ஒரு முனை பூட்டி, மறு முனையில் பிடி வைத்து, மேலிருந்து கீழே அழுத்தும் பெரிய கத்தி வேண்டும். அதை எல்லா வீட்டிலும் வைத்திருக்கமாட்டார்கள். மாங்காய்க் கடையிலேயே கூலிக்கு வெட்டித் தருவார்கள். ஆபத்தான இரும்பை வீட்டுக்குள் விடாமல் கடையோடு நிறுத்திய இந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தில் நினைத்து வியந்திருக்கிறேன்.

திருப்பதிப் பந்தி

கோடை விடுமுறைக்குத் திருப்பதியில் சித்தி வீட்டுக்குப் போவோம். திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழ் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பில் தேவஸ்தானம் 1930-களில் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றைப் புரட்டினால் ஒரு பெரிய அடுக்களையே கண்முன் வரும். திருப்போனகம், கறியமுது, நெய்யமுது, அப்பப்படி, அதிரசப்படி, தோசைப்படி என்று கொடை கொடையாக அளவு சொல்லியிருக்கும். கோயில்களில் பொன்னும் வெள்ளியும் நிறுத்துக் கல்லில் எழுதப்பட்டன. கறியமுதுக்குக் காய் அரிந்த இரும்பின் வரலாற்றைத் தேட நமக்கு வீடுகளும் பந்திகளும்தான் மிச்சம்.

சித்தி வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நான் கவனித்தது இக்கட்டுரைக்கு முக்கியம். முந்தின இரவு உறவுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு தனி அறையில் வட்டமாக அரிவாள்மணை போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் மலைபோல் கத்தரிக்காய். கோட்டை அடுப்பு கொல்லையில், வெகு தூரத்தில். நறுக்குபவர் யாரும் அடுப்பைப் பார்க்க எழவில்லை. அடுப்பைப் பார்ப்பவர் யாரும் அந்த அறைக்குள் வரவில்லை. பிள்ளைகள் நுழைந்தால் சமையல்காரர் ஒரு அதட்டல் போடுவார். திருமலையிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். 1985-ல் தொடங்கிய நித்திய அன்னதானம், 2011 முதல் தரிகொண்ட வெங்கமாம்பா பெயரிலான பெரிய வளாகத்தில் நடக்கிறது. 2000-ல் தொடங்கிய ஸ்ரீவாரி சேவைத் தொண்டர்கள் அங்கே காய் நறுக்கித் தருகிறார்கள். நறுக்கும் கையும் கிளறும் கையும் வேறு வேறு.

பெரிய அடுக்களையில் கத்தி திறந்தே இருந்தாலும் ஆபத்து குறைவு, ஏனென்றால் அதன் முன் உட்கார்ந்தவர் எழுவதே இல்லை. வீட்டில்தான் ஒரே பெண் நறுக்கவும் வேண்டும், கிளறவும் வேண்டும்.

அடுப்பு மேலே ஏறியது

அந்த ஒரே பெண்ணும் பழைய அடுக்களையில் அதிகம் எழவில்லை. விறகடுப்பு தரையில். குமுட்டி தரையில். திரி ஸ்டவ்வும் தரையில். அம்மா மணையில் உட்கார்ந்தால் வலக்கைக்கு எட்டும் தூரத்தில் அடுப்பு, இடக்கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு, முன்னால் அரிவாள்மணை. பால் பொங்கினால் உட்கார்ந்தபடியே கையை நீட்டி இறக்கலாம். சமையல் முடிந்து ஒரே தடவை எழுவாள், எழும்போது படுக்க வைப்பாள். படுக்க வை என்ற கட்டளை இந்த அடுக்களைக்காகப் பிறந்தது.

பிறகு காஸ் வந்தது. 1955-ல் பம்பாயில் தொடங்கிய சமையல் எரிவாயு, 1965-ல் இண்டேன் என்ற பெயரோடு பரவியது. எங்கள் வீட்டுக்கு 1978-ல் வந்தது. அடுப்பு சிலிண்டரின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 14.2 கிலோ சிலிண்டரின் உயரத்தைத் தாண்ட வேண்டுமானால் மேடை கட்டியே ஆக வேண்டும். அப்பா கொத்தனாரை வைத்துக் கடப்பைக் கல் மேடை போட்டார். தெருவே வந்து பார்த்தது. அம்மாவுக்கும் பெருமைதான், புகை போயிற்று, கண் எரிச்சல் போயிற்று. ஆனால் அடுப்பு மேலே ஏறியதே தவிர அரிவாள்மணை தரையிலேயே இருந்தது. நின்று நறுக்க அம்மாவுக்கு வரவில்லை.

விளைவு, ஒரு வேளைச் சமையலில் இருபது தடவை எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. தாளிதம் பார்க்க ஒரு தடவை, பருப்பு பார்க்க ஒரு தடவை, குக்கர் விசிலுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் படுக்க வைத்து, மறுபடி நிறுத்தி, உட்கார்ந்து... யாரால் முடியும்?

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கரண்ட் இல்லை. பால் பொங்கும் சத்தம் கேட்டு அம்மா எழுந்தாள். நாலு வயதுத் தம்பி இருட்டில் அம்மாவைத் தேடி ஓடி வந்தான். பாதத்தில் ஏழு தையல். அரிகேன் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் தம்பியின் காலில் மஞ்சள் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோபமாக அல்ல, அழுதபடி சொன்னார்: "படுகோபெட்டாலி கதா அக்கா." படுக்க வைத்திருக்க வேண்டாமா, அக்கா. அம்மா பதில் சொல்லவில்லை. தம்பி இப்போது நடுவயதைத் தாண்டிவிட்டான். தழும்பைக் காட்டிச் சிரிப்பான். அம்மா மட்டும் இன்றுவரை சிரித்ததில்லை. அடுத்த வாரம் அப்பா கடைத்தெருவில் ஓர் அரிவாள்மணை வாங்கி வந்தார். பலகைக்குப் பதில் இரும்புத் தகடு, கத்தியின் அடியில் ஒரு திருகாணி, மடக்கினால் கத்தி தகட்டின் மேல் படுத்துவிடும். இங்கே என்னிடம் இருப்பது அதுதான். அன்று வீட்டில் எல்லோரும் அம்மாவின் கவனக்குறைவு என்றே பேசினோம். நானும் பேசினேன்.

இதே மாற்றத்தை ஜப்பான் நமக்கு முன்பே கடந்தது. அங்கும் பல ஊர்களில் பெண்கள் தாழ்வான இடத்தில் உட்கார்ந்தே சமைத்தார்கள். 1910, 1920-களில் வாழ்க்கைச் சீர்திருத்தம் பேசியவர்கள் நின்று சமைக்கும் அடுக்களையைப் பரப்பினார்கள். ஆனால் அவர்கள் கத்தியும் பலகையும் ஏற்கெனவே தனித்தனி. ஆகவே கத்தி சுலபமாக மேலே ஏறி, தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவின் உட்புறத்தில் செருகும் இடம் பெற்றது. கதவை மூடினால் குழந்தைக்குக் கத்தி இருப்பதே தெரியாது. ஜெர்மனியில் 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் அடுக்களையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி அது. சமைப்பவர் வைக்கும் அடிகளைக் கணக்கிட்டு அமைத்த அந்த அடுக்களையில்கூட, உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் நாற்காலி ஒன்று வைத்திருந்தார். நம் ஊரில் மேடை கட்டினோம்; நறுக்கும் பெண் எங்கே உட்காருவாள் என்று யாரும் கேட்கவில்லை.

1999-ல் ஆந்திர அரசின் தீபம் திட்டமும், 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் ஏழை வீடுகளுக்கும் எரிவாயுவைக் கொண்டுபோயின. நல்ல காரியம், புகையில் இருமிய பெண்களைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். அந்த வீடுகளிலும் அடுப்பு முதலில் ஏறியது.

ஸ்டாண்டு, கட்டை, காந்தம்

அரிவாள்மணை பரணுக்குப் போக, கைக்கத்தி வந்தது. 1913-ல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருக்கோடு ஏறத்தாழ 13 சதம் குரோமியம் கலந்து கண்ட துருப்பிடிக்காத எஃகு, எவர்சில்வர் என்ற பெயரில் நம் வீடுகளை நிறைத்தது. துரு பயம் போனதும் உலர்ந்த மூலையும் தேவையற்றுப் போயிற்று. கத்தி எங்கே போயிற்று? சுவரில் மாட்டிய எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில், கரண்டிகளுக்கு நடுவே, பெரும்பாலும் முனை மேலே பார்த்தபடி. கரண்டியை எடுக்கப் போன கை கத்தியில் படும். அரிவாள்மணைக்கு ஒரு கட்டளை இருந்தது. இந்தப் புதுக் கத்திக்கு யாரும் கட்டளை சொல்லித் தரவில்லை.

கடைக்காரர் காட்டிய மூன்றையும் இப்போது பார்க்கலாம். மரக்கட்டை அழகுதான், ஆனால் துளைக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே தேய்த்துக் கழுவவும் முடியாது. பாட்டியின் துடைக்கும் துணி இருந்தால்தான் அது உதவும். காந்தப்பட்டையில் காற்றோட்டம் உண்டு. கத்தியின் முதுகை முதலில் ஒட்டி, பிறகு வாயைச் சாய்க்க வேண்டும். (எவர்சில்வர் தட்டு காந்தத்தில் ஒட்டாது, கத்தி ஒட்டும். தட்டில் நிக்கல் சேர்ந்த வேறு கலவை.) உயரத்தில் பதித்தால் தவழும் குழந்தைக்கு எட்டாது, நாற்காலி ஏறும் குழந்தைக்கு எட்டும். இழுப்பறைத் தட்டு நல்லது, பூட்டு இருந்தால். வெறும் இழுப்பறையில் கரண்டிகளோடு கத்தியைப் போடுவது மட்டும் கூடவே கூடாது. முனையும் மழுங்கும், விரலும் வெட்டுப்படும்.

நான் வாங்கியது இழுப்பறைத் தட்டும் ஒரு பிள்ளைப் பூட்டும். கைக்கத்திகள் அதற்குள் போயின. அரிவாள்மணைக்கு வேறு வழி செய்தேன். உணவு மேசையின் ஓரத்தில் அதன் தகட்டைத் திருகுபிடியால் இறுக்கி, உயரமான முக்காலி ஒன்று போட்டுக்கொண்டேன். அடுப்புக்கு அங்கிருந்து இரண்டு எட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நறுக்குகிறேன், என் மனைவி அடுப்பைப் பார்க்கிறார். நறுக்கி முடிக்கும்வரை நான் எழுவதில்லை. முடிந்ததும் துடைத்து, மடக்கி, திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அலமாரியின் மேல்தட்டில், வாய் சுவரைப் பார்க்க.

போன மாதம் அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். மேடை போட்ட அன்றே அரிவாள்மணைக்கும் ஒரு மேடை போட்டிருக்க வேண்டும், அது எங்களுக்குத் தோன்றவில்லை, தப்பு உன்னுடையது இல்லைம்மா என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

"பால அப்பவே எறக்கி வெச்சுட்டு ஒக்காந்திருக்கணும்டா," என்றாள். அப்புறம், "மேல்தட்டுல வெச்சேன்றியே, மடக்கித்தானே வெச்சே?"

மடக்கித்தான் வைத்தேன் என்றேன்.